கஞ்சித் தாளில் ஒரு மின்சுற்று

பழுதாகி மூலையில் கிடக்கும் ஒரு வானொலிப் பெட்டியின் பின்மூடியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளே பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் ஒரு பலகை இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் சிறு சிறு உறுப்புகள் நிற்கும். மறுபக்கம் திருப்பினால், வயல்களுக்கிடையே ஓடும் வாய்க்கால்களைப் போலச் செம்புக் கோடுகள் வளைந்து வளைந்து செல்லும். உறுப்புகளை இணைக்கும் கம்பிகள் எங்கே என்று தேடவேண்டாம். அந்தக் கோடுகள்தாம் கம்பிகள். இதற்கு அச்சு மின்சுற்றுப் பலகை என்று பெயர். கடைகளில் பி.சி.பி. என்பார்கள்.

வியன்னாவில் 1907-ல் பிறந்த பால் ஐஸ்லர் என்ற பொறியாளர், 1936-ல் லண்டனில் இப்படிப்பட்ட பலகையைக் கொண்டு ஒரு வானொலியைச் செய்து காட்டினார். அதுவரை ஒவ்வொரு கம்பியையும் கையால் வெட்டி, முறுக்கி, பற்றவைக்க வேண்டியிருந்தது. இன்று தொழிற்சாலைகளில் ஒளிபட்டால் இறுகும் பூச்சுகளைக் கொண்டு இப்பலகைகளைச் செய்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு பலகை போதும் என்றால், ஜெராக்ஸ் கடை, இஸ்திரிப் பெட்டி, ஒரு துண்டுத் தாள் ஆகியவற்றின் உதவியால் நாமே செய்துவிடலாம். எந்தத் தாள் நல்லது என்பதில்தான் அறிவியல் இருக்கிறது. அதைச் சோதித்தே கண்டுபிடிப்போம். தஞ்சை மாவட்டத்து மாணவர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. சோதனைக்கு வேண்டிய ஒரு முக்கியப் பொருள் அவர்கள் வீட்டுச் சோற்றுப் பானையிலேயே இருக்கிறது.

எதற்காக ஒரு பலகை?

வெறும் பலகையைச் செய்து என்ன பயன்? ஒரு வேலையை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. டெல்டாப் பாசனத்துக்கு அதை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். ஆனால் எல்லா ஆண்டும் அது முடிவதில்லை. 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். திறந்த நீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, கிளை வாய்க்கால்களில் நுழைந்து கடைமடைக்குச் செல்ல வேண்டும். தலைமடையில் வீணாகும் ஒவ்வொரு அங்குல நீரும் கடைமடையில் ஒருவருக்குக் குறைகிறது.

நெற்பயிருக்கு எந்நேரமும் நீர் தேங்கி நிற்க வேண்டியதில்லை. ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று உழவர்கள் சொல்லும் முறையில், கட்டிய நீர் வற்றிய பிறகே மறுநீர் விடுகிறார்கள். எவ்வளவு வற்றலாம்? பக்கங்களில் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை வயலில் புதைத்து, அதனுள் தெரியும் நீர்மட்டம் மண்ணின் மேற்பரப்புக்குக் கீழே 15 சென்டிமீட்டருக்கு இறங்கியதும், மீண்டும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்டலாம் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கிறது. இதனால் 30 சதவீதம் வரை நீரைச் சேமிக்கலாம். நட்ட முதல் ஒன்றிரண்டு வாரங்களிலும், பூக்கும் பருவத்திலும் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது.

குழாய்க்குள் குனிந்து பார்ப்பதற்குப் பதிலாக, ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்து ‘நீர் இருக்கிறது’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? அந்தச் சிறு மின்சுற்றுதான் நம் இலக்கு. அதற்கு ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு மின்தடைகள், ஒரு எல்.இ.டி. விளக்கு, ஒரு பொத்தான், 9 வோல்ட் பாட்டரி ஒன்று ஆகியவை போதும்.

மறைத்தால் பிழைக்கும்

கடையில் ‘காப்பர் கிளாட்’ என்று கேட்டால், ஒரு பக்கம் முழுவதும் செம்பு ஒட்டிய பலகை கிடைக்கும். செம்பின் கனம் பெரும்பாலும் 35 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. நமக்கு வேண்டிய கோடுகளின்மேல் ஒரு காப்புப் பூச்சைப் பூசிவிட்டு, பலகையைச் செம்பை அரிக்கும் கரைசலில் இட்டால், மூடிய இடம் பிழைத்துக்கொள்ளும். மூடாத இடம் கரைந்துபோகும்.

இந்தத் தத்துவம் நம் ஊருக்குப் புதிதல்ல. கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் உள்ள கோடாலிக்கருப்பூரில், தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தாருக்காகப் புகழ்பெற்ற சேலைகளை நெய்தார்கள். பருத்தியோடு பொன்சரிகை சேர்த்து நெய்த துணியின்மேல் மெழுகால் வரைந்து, பிறகு சாயத்தில் தோய்ப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. அங்கே மெழுகு துணியைச் சாயத்திடமிருந்து காத்தது. இங்கே நம் பூச்சு செம்பை அரிப்பிடமிருந்து காக்கப்போகிறது.

மெழுகின் இடத்தில் டோனர்

ஜெராக்ஸ் இயந்திரத்திலும் லேசர் அச்சுப்பொறியிலும் இருப்பது மையல்ல, தூள். டோனர் எனப்படும் அது, நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களோடு கரி முதலிய நிறப்பொருள் கலந்தது. இயந்திரம் அதை நிலைமின்சாரத்தால் தாளின்மேல் இழுத்து வைத்து, சூடான உருளைக்கிடையே தாளைச் செலுத்துகிறது. தூள் இளகித் தாளில் ஒட்டிக்கொள்கிறது. கடையிலிருந்து வாங்கிய நகல் சுடச்சுட இருப்பது இதனால்தான்.

பிளாஸ்டிக்கை மறுபடி சூடாக்கினால் மறுபடி இளகும். அச்சிட்ட தாளைச் செம்பின்மேல் கவிழ்த்துச் சூடாக்கி அழுத்தினால், தூள் செம்பிலும் ஒட்டும். பிளாஸ்டிக் என்பதால் அரிக்கும் கரைசல் அதை எளிதில் தீண்டாது. மைத்தெளிப்பு அச்சுப்பொறியின் மையில் இந்தப் பிளாஸ்டிக் இல்லை. ஆகவே அது இந்த வேலைக்கு உதவாது.

இன்னொரு வியப்பும் உண்டு. செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் உலகின் முதல் ஜெராக்ஸ் படத்தை எடுத்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டில் தூளால் உருவான எழுத்துகளை மெழுகுத் தாளுக்கு மாற்றி, சூடாக்கி நிலைக்கச் செய்தார். அந்த முதல் நகலே ஒரு பரப்பிலிருந்து இன்னொரு பரப்புக்கு மாற்றப்பட்ட படம்தான்!

இரண்டு பிடிகளின் போட்டி

இப்போது டோனர் இரண்டு பரப்புகளுக்கிடையே அகப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் தாள், மறுபக்கம் செம்பு. தாளை உரித்தால் அது யாருடன் போகும்? எதன் பிடி வலிதோ அதனுடன். எனவே நமக்கு வேண்டிய தாளுக்கு இரண்டு குணங்கள் வேண்டும். அச்சாகும்போது தூளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். செம்பில் ஒட்டிய பிறகு விட்டுவிட வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு குணங்களும் ஒரே தாளில் எப்படி அமையும்? இதைத்தான் சோதிக்கப்போகிறோம். நான்கு வகைத் தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. சாதாரண ஜெராக்ஸ் தாள். இது நார்களின் பின்னல். இளகிய டோனர் நார்களுக்கிடையே புகுந்து சிக்கிக்கொள்ளும். நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் தாள் பிய்ந்துபிய்ந்து வரும். சில கோடுகள் அதோடு போய்விடும்.

2. வழவழப்பான வார இதழ்த் தாள். இதில் நார்களின்மேல் வெண்களிமண் அல்லது சுண்ணாம்புப் பொடியைப் பசையோடு கலந்து பூசியிருக்கிறார்கள். டோனர் இந்தப் பூச்சின்மேல் நிற்கிறது, நாரைத் தொடுவதில்லை. நீரில் ஊறினால் பூச்சு இளகித் தாள் கழலும். கோடுகளின்மேல் ஒரு வெள்ளைப் படலம் மிஞ்சும். பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்து அதை நீக்கலாம்.

3. ஒட்டுச்சீட்டின் பின்தாள். ஸ்டிக்கரை உரித்தபின் எறிந்துவிடும் வழவழப்பான தாள் இது. இதன்மேல் சிலிகோன் பூச்சு உண்டு. எதுவும் எளிதில் ஒட்டாது. ஊறவைக்காமலே டோனர் முழுவதும் செம்புக்குப் போய்விடும். ஆனால் அந்தக் குணமே இதன் குறையும் ஆகும். விரல் பட்டாலே கோடுகள் கலைந்துவிடும்.

4. கஞ்சித் தாள். இதை நீங்களே செய்ய வேண்டும்.

கஞ்சித் தாள் செய்வது எப்படி?

சோறு வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். உப்பு சேர்க்காத கஞ்சியாக இருக்கட்டும். அடுப்பில் வைத்துக் கிளறி, கரண்டியின் பின்புறத்தில் படியும் அளவுக்குச் சுண்டக் காய்ச்சுங்கள். ஆறியதும் நல்ல வழவழப்பான தாளின் ஒரு பக்கத்தில் அகலத் தூரிகையால் மெல்லப் பூசுங்கள். தாள் சுருளாமல் இருக்க நான்கு ஓரங்களையும் ஒரு பலகையில் ஒட்டிவையுங்கள். நிழலில் காய்ந்ததும், முதல் பூச்சுக்குக் குறுக்காக இரண்டாம் பூச்சு இடுங்கள். முற்றும் காய்ந்தபின் ஒரு நாள் கனமான புத்தகங்களுக்கடியில் வையுங்கள். நெசவாளர்கள் பாவுக்குக் கஞ்சி போட்டு இழையை விறைப்பாக்குகிறார்களே, அதே ஸ்டார்ச்சுப் படலம் இப்போது உங்கள் தாளின்மேல் இருக்கிறது. காய்ந்திருக்கும்போது அது உறுதியானது. நீர் பட்டால் ஊதி நெகிழ்ந்துவிடும். முரணான இரண்டு குணங்களும் ஒரே பொருளில் வந்துவிட்டன, பார்த்தீர்களா?

வெளிநாடுகளில் விற்கும் டோனர் மாற்றுத் தாள்கள் சிலவற்றில் டெக்ஸ்ட்ரின் என்ற பூச்சு இருக்கிறது. ஸ்டார்ச்சை உலர்ந்த நிலையில் வறுத்துப் பெறும் பொருள் அது. எனவே உங்கள் கஞ்சித் தாள் அதற்கு நெருங்கிய உறவு.

முக்கியமான ஓர் எச்சரிக்கை. அச்சுப்பொறியின் உருளை 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாவது உண்டு. ஈரமான, சுருண்ட, பூச்சு உதிரும் தாளை அதில் விடாதீர்கள். பிளாஸ்டிக் பூசிய புகைப்படத் தாளையும் விடாதீர்கள், உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும். கடைக்காரரிடம் இன்ன தாள் என்று சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டுமே அச்சிடுங்கள்.

அயோடின் சொல்லும் செய்தி

மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடின் மருந்தை நீர்விட்டு இளக்கி, நான்கு தாள்களிலும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். ஸ்டார்ச்சு இருந்தால் கருநீல நிறம் தோன்றும். கஞ்சித் தாள் கறுப்பது இயல்பே. ஆனால் சாதாரணத் தாளும் பெரும்பாலும் கறுக்கும்! மை ஊறாமல் இருக்கத் தாள் ஆலைகளில் அதற்கும் ஸ்டார்ச்சு சேர்ப்பதுண்டு.

அப்படியானால் அது ஏன் டோனரை எளிதில் விடுவதில்லை? நன்றாகச் சிந்தியுங்கள். ஸ்டார்ச்சு இருந்தால் மட்டும் போதாது. அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். சாதாரணத் தாளில் அது நார்களோடு கலந்து கிடக்கிறது, டோனர் நாரையும் தொடுகிறது. கஞ்சித் தாளில் அது நாருக்கும் டோனருக்கும் நடுவே இடைவெளியில்லாத தனிப் படலமாக நிற்கிறது. பூச்சில் ஓரிடம் விட்டுப்போனால் அந்த இடத்தில் தாள் ஒட்டிக்கொள்ளும். கஞ்சித் தாளின் ஓரத்துண்டில் அயோடின் தடவினால் நிறம் சீராக வருகிறதா, திட்டுத்திட்டாக வருகிறதா என்று பார்த்துப் பூச்சின் தரத்தை முன்கூட்டியே அறியலாம்.

நியாயமான போட்டி

நான்கு தாள்களிலும் ஒரே சோதனைப் படத்தை அச்சிடுங்கள். 0.3, 0.5, 0.8, 1, 1.5 மில்லிமீட்டர் அகலக் கோடுகள், ஒரு சென்டிமீட்டர்ச் சதுரம், ஓர் எழுத்து ஆகியவை அதில் இருக்கட்டும். தாளைக் கவிழ்த்து ஒட்டுவதால் படம் இடவலமாக மாறும். எனவே செம்பில் நேராகத் தெரிய வேண்டிய எழுத்து, தாளில் ரப்பர் முத்திரையில் உள்ளதுபோல் தலைகீழாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்பைத் தூய்மையாக்குவது அடுத்த வேலை. செப்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குவதுபோலவே துலக்குங்கள். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பை நீக்கும். பிறகு சோப்பு நீரில் கழுவுங்கள். தூய்மை போதுமா என்றறிய எளிய வழி உண்டு. பலகையின்மேல் நீர் விடுங்கள். நீர் துளித்துளியாகத் திரண்டால் எண்ணெய்ப்பசை இன்னும் இருக்கிறது. ஒரே படலமாகப் பரவினால் தூய்மை போதும். அதன்பின் செம்பில் விரல் படக்கூடாது.

உலர்ந்த பலகையின்மேல் தாளைக் கவிழ்த்து, மேலே ஒரு வெள்ளைத் தாளை மூடி, பருத்தித் துணிக்குரிய சூட்டில் மின் இஸ்திரிப் பெட்டியை மூன்று நிமிடம் அழுத்துங்கள். நீராவி வேண்டாம். சூடு குறைந்தால் டோனர் ஒட்டாது. அழுத்தம் அதிகமானால் கோடுகள் நசுங்கி அகலும். தானே ஆறவிட்டு, ஒட்டுச்சீட்டுப் பின்தாளைத் தவிர மற்றவற்றைப் பத்து நிமிடம் நீரில் ஊறவைத்து உரியுங்கள்.

ஒன்றை மறக்கவேண்டாம். தாளை மட்டும்தான் மாற்ற வேண்டும். சூடு, நேரம், அழுத்தம், பலகை எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். ஒவ்வொரு தாளையும் மூன்று முறை சோதித்து, முறியாமல் வந்த மிக மெல்லிய கோடு எது என்று குறித்துவையுங்கள். ஒருமுறை நன்றாக வந்ததை வைத்து முடிவு கட்டினால், அது தாளின் திறமையா, உங்கள் கையின் திறமையா என்று தெரியாது. பிறகு பச்சரிசிக் கஞ்சிக்கும் புழுங்கலரிசிக் கஞ்சிக்கும் போட்டி வைத்துப் பாருங்கள். நெல்லைப் புழுக்கும்போதே ஸ்டார்ச்சு அரிசிக்குள் இறுகிவிடுவதால், புழுங்கலரிசியிலிருந்து கஞ்சியில் இறங்குவது குறைவு.

செம்பைக் கரைத்தல்

இந்தப் பகுதியை ஆசிரியர் உடனிருக்க, பள்ளி ஆய்வகத்தில் மட்டுமே செய்யுங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

வெற்றிபெற்ற தாளில் உங்கள் மின்சுற்றை அச்சிட்டுப் பலகைக்கு மாற்றுங்கள். விட்டுப்போன இடங்களை அழியா மைப் பேனாவால் நிரப்புங்கள். பிளாஸ்டிக் தட்டில் பெர்ரிக் குளோரைடு கரைசலை ஊற்றிப் பலகையை இட்டு, தட்டை மெல்ல அசைத்துக்கொண்டிருங்கள். நடக்கும் வினை இதுதான்:

செம்பு + 2 பெர்ரிக் குளோரைடு → குப்ரிக் குளோரைடு + 2 பெர்ரஸ் குளோரைடு

எவ்வளவு வேண்டும்? 5 சென்டிமீட்டருக்கு 4 சென்டிமீட்டர் பலகையின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர். செம்பின் கனம் 0.0035 சென்டிமீட்டர். கனஅளவு 0.07 கன சென்டிமீட்டர். செம்பின் அடர்த்தி ஏறக்குறைய 9. எனவே முழுச் செம்பின் எடை 0.63 கிராம். இதைக் கரைக்க நீரற்ற பெர்ரிக் குளோரைடு 3.2 கிராம் தேவை. பாதிச் செம்பை விட்டுவைக்கும்படி கோடுகளை அகலமாக வரைந்தால், பாதி ரசாயனம் போதும். கழிவும் பாதியாகும்.

கழிவைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கரைசலைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ கொட்டவே கூடாது. கரைந்த செம்பு மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு. டெல்டாவில் ஒருவர் வீட்டு வாய்க்கால் இன்னொருவர் வயலுக்குப் போகிறது. நீரைச் சேமிக்கும் கருவியைச் செய்வதற்காக நீரையே கெடுக்கலாமா? கழிவில் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நுரைப்பது நிற்கும்வரை கலக்குங்கள். செம்பும் இரும்பும் வண்டலாக அடியில் படியும். அந்த வண்டலை உலர்த்தி, மூடியிட்ட பிளாஸ்டிக் புட்டியில், பெயர் எழுதி ஆய்வகத்தில் ஒப்படையுங்கள். அலுமினியம், எவர்சில்வர் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். கரைசல் அவற்றையும் அரிக்கும்.

வயலுக்குப் போவோம்

பலகையைக் கழுவி, அசிட்டோனால் டோனரைத் துடைத்தால் செம்புக் கோடுகள் பளிச்சென்று தெரியும். ஒரு மில்லிமீட்டர்த் துளைகள் இட்டு உறுப்புகளைப் பற்றவையுங்கள். பற்றாசில் ஈயம் இருக்கலாம். முடிந்ததும் கைகளை நன்றாகக் கழுவுங்கள்.

பாட்டரியின் நேர்முனையிலிருந்து பொத்தான் வழியாக இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று 470 ஓம் மின்தடை, எல்.இ.டி. வழியாக பி.சி. 547 டிரான்சிஸ்டரின் கலெக்டருக்குப் போகிறது. மற்றது 10 கிலோ ஓம் மின்தடை வழியாக ஒரு கம்பிக்குப் போகிறது. இரண்டாவது கம்பி பேஸில் சேர்கிறது. எமிட்டர் பாட்டரியின் எதிர்முனையில். இரு கம்பிகளின் நுனிகளும் நீரில் மூழ்கியிருந்தால், நீரின் வழியே ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டம் பேஸுக்குச் செல்கிறது. டிரான்சிஸ்டர் அதைப் பெருக்கி விளக்கை எரியவைக்கிறது. முதலில் ஒரு குவளை வாய்க்கால் நீரில் சோதியுங்கள். பிறகு வாலைவடிநீரில் சோதியுங்கள். விளக்கு மங்குவது ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

40 சென்டிமீட்டர் நீளக் குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் இட்டு, அந்தப் பாதியை மண்ணில் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். உறையிட்ட இரண்டு எவர்சில்வர்க் கம்பிகளின் நுனி மட்டும் ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியட்டும். நுனிகள் ஒன்றையொன்று தொடாமல், மண்மட்டத்துக்குக் கீழே சரியாக 15 சென்டிமீட்டரில் தொங்கட்டும். பொத்தானை அழுத்துங்கள். விளக்கு எரிந்தால் நீர் இருக்கிறது, மடையைத் திறக்க வேண்டாம். எரியாவிட்டால் நீர் பாய்ச்சும் நேரம் வந்துவிட்டது. ஆனால் பாட்டரி தீர்ந்துபோனாலும் விளக்கு எரியாதே! ஆகவே அப்போது நுனிகளை ஒரு குவளை நீரில் இட்டு விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். பொத்தானை அழுத்தும்போது மட்டுமே மின்சாரம் ஓடுவதால் பாட்டரி நெடுநாள் வரும். மின்பகுப்பால் கம்பி அரிபடுவதும் குறையும்.

விளக்கு எரியாமல் இருந்த நாள்களையும், நீர் பாய்ச்சிய நாள்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். பக்கத்து வயலில் வழக்கம்போல் நீர் கட்டுபவர் எத்தனை முறை பாய்ச்சினார் என்றும் கேட்டு எழுதுங்கள். அறுவடையில் இரண்டு வயல்களின் விளைச்சலையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எந்தத் தாள் சிறந்தது என்ற கேள்விக்கு மூன்று முறை சோதித்துத்தான் விடை கண்டீர்கள். வயலுக்கும் அதே விதிதான். ஒரு போகத்தின் கணக்கை வைத்து முடிவு கட்டிவிடாமல், குறுவையிலும் சம்பாவிலும் தொடர்ந்து எழுதுங்கள்.